‘டிசைன் இலவசம்’ என்ற வரியை எடுத்துவிடுங்கள்: மதுரைக் கடைவீதிச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரைக் கடைவீதி வணிகர் சங்கங்களின் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும்,

நகரின் கடைவீதிச் சங்கம் ஒன்று தன் உறுப்பினர்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கை கடைப் போர்டு வரைந்து, செய்து, மாட்டுகிற எங்கள் பட்டறைகளுக்கும் வந்து சேர்ந்தது. எல்லாக் கடைக்கும் 10-க்கு 3 அடியில் ஒரே அளவு போர்டு. சதுர அடிக்கு யார் குறைந்த ரேட் சொல்கிறாரோ அவருக்கே மொத்த ஆர்டர். டிசைன் இலவசம். உறுப்பினர் எத்தனை தடவை திருத்தம் சொன்னாலும் கூடுதல் காசு கேட்கக் கூடாது. போர்டில் சங்கச் சின்னம், முதலாளி படம், சாமி படம், இரண்டு செல் நம்பர், ஜிஎஸ்டி எண், விற்கிற சரக்குகளின் பெயர்கள், எல்லாம் வர வேண்டும். மற்ற வீதிக்காரர்களும் இதையே எடுத்துக்கொள்ளப் பேசி வருவதாகக் கேள்வி. அதனால்தான் ஒரு சங்கத்துக்கு மட்டும் எழுதாமல் எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறோம்.

காசு போடுகிறவர் நீங்கள். போர்டில் என்ன பெயர், என்ன தொழில், எந்தச் சாமி, எந்த ராசி நிறம் என்று முடிவு செய்வது உங்கள் பாத்தியதை. அதில் எங்களுக்குப் பேச்சே இல்லை. ஆனால் எத்தனை அடி தூரத்திலிருந்து அது படிக்கப்படும், எந்தக் கோட்டுக்குள் விளக்கு உட்காரும், எந்தச் சுவர் எவ்வளவு காற்றைத் தாங்கும் என்பவை விருப்பத்தில் முடிகிற காரியங்கள் இல்லை. சுற்றறிக்கை இரண்டையும் ஒரே பையில் போட்டுக் கட்டிவிட்டது. எங்கள் ஆட்சேபம் அதுதான்.

முதலில் அந்த 10-க்கு 3. ஏசிபி தகடு (இரண்டு அலுமினியத் தோலுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்தது) சந்தையில் எளிதாகக் கிடைப்பது 8-க்கு 4 அடியில். ஓரங்களை மடித்துப் பெட்டியாக்க வேண்டும் என்பதால், பக்கத்துக்கு 2, 3 அங்குலம் மடிப்புக்குப் போய்விடும். ஆக, ஒரே தகட்டில் ஒட்டுப் போடாமல் முன்முகம் எடுக்க முடிவது ஏழரை அடிதான். 10 அடி என்று வைத்தால் ஒவ்வொரு போர்டிலும் நடுவே ஒரு ஒட்டு வரும். அந்த ஒட்டு எழுத்தின் மேல் விழாமல் இரண்டு எழுத்துக்கு நடுவே விழும்படி பார்த்து வெட்ட வேண்டும். எல்லாக் கடைக்கும் ஒரே அளவு, ஒரே வெட்டு என்று போனால் பாதிக் கடைகளில் ஒட்டு எழுத்தைக் கிழித்துக்கொண்டுதான் போகும். அது கிடக்கட்டும், மாசி வீதிகளிலும் ஆவணி மூல வீதிகளிலும் முகப்பு 8 அடிகூட இல்லாத கடைகள் எத்தனை என்று நீங்களே ஒரு நடை நடந்து பாருங்கள். 10 அடி போர்டை அவர்கள் பக்கத்துக் கடைக்காரர் தலைமேலா மாட்டுவார்கள்?

அடுத்தது எழுத்தின் அளவு. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘எழுத்தப் பெருசா வைங்க’ என்று சொல்பவர்தான் அடுத்த மூச்சிலேயே ‘காலியா கிடக்குல்ல, அதுல நம்பரப் போட்டுவிடுங்க’ என்கிறார்.

எழுத்துக்கு 1 அங்குல உயரம் இருந்தால் 10 அடி தூரத்திலிருந்து சிரமமில்லாமல் படிக்கலாம் என்பது போர்டுத் தொழிலில் உலகமெங்கும் புழங்கும் கைக்கணக்கு. கூர்ந்து பார்த்தால் இன்னும் தள்ளியிருந்தும் தெரியும். ஆனால் தெருவில் போகிறவர் உங்கள் கடையைக் கூர்ந்து பார்க்கக் கடமைப்பட்டவர் இல்லை. இந்தக் கணக்கு ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு எழுந்தது. தமிழில் ‘ரி’க்கு மேலே சுழிப்பு ஏறுகிறது, ‘து’வுக்குக் கீழே வளைவு இறங்குகிறது, மெய்யெழுத்துக்கு மேலே புள்ளி நிற்கிறது. ஒரு வரிக்கு 15 அங்குலம் ஒதுக்கினால் அதில் ‘க’, ‘ம’, ‘ட’ போன்ற நடு உடம்புக்குக் கிடைப்பது சுமார் 9 அங்குலம். கண் படிப்பது அந்த நடு உடம்பைத்தான். ‘15 அங்குல எழுத்துக்குக் காசு கொடுத்தேன், 9 அங்குலம்தான் இருக்கு’ என்று டேப்பை வைத்து அளந்து சண்டைக்கு வருகிற முதலாளிகள் இந்தக் கணக்கை ஒரு தடவை தாளில் போட்டுப் பார்த்தால் போதும்.

‘முத்து ஸ்டோர்ஸ்’ என்று ஒரு கடை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நீளவாக்கில் இந்தப் பெயருக்கு நடு உடம்பு உயரத்தைப் போலக் கிட்டத்தட்ட 10 மடங்கு இடம் வேண்டும். 10 அடி போர்டில் இரண்டு ஓரமும் 5 அங்குலம் விட்டுப் பெயரை மட்டும் வைத்தால் நடு உடம்பு 11 அங்குலம் வரும். 110 அடி தூரத்துக்குப் பேசும். சுற்றறிக்கை சொல்கிறபடி ஒரு பக்கம் முதலாளி படம், மறுபக்கம் சாமி படம் என்று இரண்டிரண்டு அடி போனால் மிச்சம் 6 அடி. எழுத்து 7 அங்குலத்துக்கு இறங்கிவிடும். அதற்கு மேலே சின்னம், கீழே சரக்குப் பட்டியல், நம்பர் என்று அடைத்தால், 7-ம் நிற்காது. போர்டுக்கு நீங்கள் கொடுத்த காசில் ஏறத்தாழ பாதியை இப்படி நீங்களே அழிக்கிறீர்கள்.

பைபாஸ் ரோட்டில் 40 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி விநாடிக்கு 36 அடிக்கு மேல் நகர்கிறது. பார்த்து, படித்து, பிரேக் போட 4 விநாடி வேண்டுமென்றால் 145 அடிக்கு முன்பே பெயர் பிடிபட வேண்டும். அங்கே 14 அங்குலத்துக்குக் குறைந்த எழுத்து வீண். கீழமாசி வீதியில் தலைச்சுமைக்காரரும் சைக்கிளும் நகரும் வேகத்துக்கு 4, 5 அங்குலமே தாராளம். ஒரே அளவு போர்டு என்ற முடிவு இந்த இரண்டு தெருவையும் ஒன்றாக்குகிறது.

குறுகிய தெருவில் வேறொரு சிக்கல். அங்கே யாரும் உங்கள் போர்டுக்கு நேர் எதிரே நின்று படிப்பதில்லை. தெருவோடு நடந்து வருகிறவர் பக்கவாட்டில் பார்க்கிறார். 60 டிகிரி சாய்வில் பார்த்தால் எழுத்தின் அகலம் பாதியாகத் தெரியும். இந்த நிலையில் இடைவெளியை நெருக்கி, 3 அங்குல ஆழத்தில் பெட்டி மாதிரி புடைத்து நிற்கும் 3டி எழுத்து வைத்து, அதன் பக்கச் சுவரையும் முகத்தின் நிறத்திலேயே செய்தால், பக்கச் சுவர் வந்து இடைவெளியை நிரப்பிவிடும். எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிடும். பக்கச் சுவரைக் கறுப்பிலோ அடர் சாம்பலிலோ செய்தால் பாதிப் பிரச்சினை போகும். இடைவெளியைக் கூட்டினால் மீதியும் போகும். இன்னும் நல்ல வழி, சுவரோடு ஒட்டிய நீளப் போர்டைச் சிறிதாக்கிவிட்டு, தெருவை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் 2-க்கு 2 அடி இரட்டை முகப் பலகை ஒன்று வைப்பது. அதில் பெயரின் ஒரே ஒரு சொல்லை மட்டும் எழுத வேண்டும். தரையிலிருந்து 9 அடிக்குக் குறையாமல், மாசி வீதியானால் தேரோட்டத்துக்கு முன் நாலு போல்ட்டில் கழற்றி எடுக்கும்படி இருக்க வேண்டும். சுற்றறிக்கையில் இதற்கு இடமே இல்லை.

இனி ‘எழுத்துக்கு இவ்வளவு’ என்ற விலைப் பேச்சு. ‘முத்து ஸ்டோர்ஸ்’ உங்கள் கணக்கில் 7 எழுத்து. பட்டறைக் கணக்கில் 13 துண்டு. ‘த்’ என்றால் எழுத்து ஒன்று, புள்ளி ஒன்று. ‘டோ’ என்றால் கொம்பு, ட, கால் என்று மூன்று பெட்டி. ஒவ்வொன்றுக்கும் தனி வெட்டு, தனிப் பக்கச் சுவர், தனி வயர், தனி ஸ்டட் (எழுத்தைப் போர்டில் பிடித்து நிறுத்தும் திருகுக் கம்பி). அதிலும் புள்ளி இருக்கிறதே, அதில்தான் தொழிலின் தரம் தெரியும். ஒன்றரை அங்குல வட்டத்தை ஒற்றை ஸ்டட்டில் நிறுத்தினால் காற்றில் சுழன்று சுழன்று வயர் அறுந்துவிடும். வெறும் சிலிக்கான் பசையில் ஒட்டினால் நாளடைவில் பிடி விட்டு விழுந்துவிடும். இரண்டு ஸ்டட் போட்டு, உள்ளே தனி மாட்யூல் (சின்ன எல்இடி விளக்குத் துண்டு) ஒன்று வைத்து, பக்கத்து எழுத்திலிருந்து பிரித்தெடுத்த வயரை ஃபிரேமுக்குப் பின்னால் கொண்டுபோக வேண்டும். குறைந்த ரேட்காரர் முதலில் கைவைப்பது இங்கேதான். ராத்திரி ஊரைச் சுற்றினால் புள்ளி அணைந்து ‘ஸடோரஸ’ என்று எரியும் போர்டுகள் கண்ணில் படாமல் போகாது.

விளக்கெழுத்துக்கு ஒரு எல்லையும் உண்டு. கோட்டின் தடிமன் எழுத்து உயரத்தில் ஏழில் ஒரு பங்கு என்று வைத்தால் 7 அங்குல எழுத்துக்கு 1 அங்குலக் கோடு. அதற்குக் கீழே சாதாரண எல்இடி மாட்யூல் நிம்மதியாக உட்காராது. சின்ன மாட்யூல் கிடைக்கும். விலையும் வேலையும் கூடும். கோட்டைத் தடிமனாக்கிச் சமாளித்தால் ‘ண’, ‘ஞ’, ‘ஸ’ இவற்றின் சுழிகள் அடைபட்டுப்போகும். பகலில் தெரிந்தாலும், இரவில் வெள்ளை வெளிச்சம் பொங்கி, உள் இடைவெளியை மூழ்கடித்துவிடும். ‘எதுத்த கடையவிடப் பளிச்சுனு எரியணும்’ என்று மாட்யூலை இரட்டிப்பாக்கச் சொல்கிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். அளவு மீறிய வெளிச்சத்தில் போர்டு தெரியும், பெயர் தெரியாது.

நிறம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நீலத்தின் மேல் சிவப்பு, பச்சையின் மேல் சிவப்பு, இரண்டும் கண்ணில் நிற்காது. சிவப்பு-பச்சை பேதம் தெரியாத ஆண்கள் உங்கள் வாடிக்கையாளரிலும் உண்டு. சிவப்புத்தான் ராசி என்றால் சிவப்புத் தளத்தில் வெள்ளை எழுத்து, அல்லது வெள்ளையில் சிவப்பு. சிவப்பு அக்ரிலிக்குக்குப் பின்னால் வெள்ளை மாட்யூல் வைத்தால் பாதி வெளிச்சம் அக்ரிலிக்கிலேயே செத்துப்போகும். சிவப்பு மாட்யூல்தான் வைக்க வேண்டும். கீழமாசி வீதியின் கிழக்கு வரிசைக் கடைகள் மேற்குப் பார்த்தவை. சாயங்கால வெயில் முழுக்க அங்கே. பளபளப்பான தகடு போட்டால் மணி 4 முதல் 6 வரை போர்டில் சூரியன் மட்டுமே தெரியும். மேட் ஃபினிஷ் போடுங்கள் என்றால் ‘டல்லடிக்குதே’ என்று முகம் சுளிக்கிறார்கள். கடையில் கூட்டம் கூடும் நேரம் அதே 4 முதல் 6 என்பதை யோசிக்க வேண்டும்.

முதலாளி படம். கேட்பதில் தப்பில்லை, கடையை உண்டாக்கிய தகப்பனாரின் படத்தை வைக்க நினைப்பது மரியாதை. ஆனால் பிரிண்ட் செய்த படத்தில் வெயிலுக்கு முதலில் போகும் மைகள் மஞ்சளும் மெஜந்தாவும். மிஞ்சுவது நீலமும் கறுப்பும். இரண்டு கோடை தாண்டினால் அப்பா முகம் நீலம் பாரித்து நிற்கும். படத்தைக் கல்லாவுக்குப் பின்னால் உள்சுவரில், வெயில் படாத இடத்தில், நல்ல சட்டத்தில் வையுங்கள். வருகிறவர்கள் நின்று பார்ப்பார்கள், நிறமும் நிற்கும். சாமி படத்துக்குப் பதில் மேல் மூலையில் ஒரு பிள்ளையார் சுழியோ வேலோ, ஒற்றை நிறத்தில், பெயர் எழுத்தின் பாதி உயரத்துக்கு மிகாமல் வைக்கலாம். செல் நம்பரைத் தெருவுக்கு அந்தப் பக்கம் நின்று யாரும் குறித்துக்கொள்வதில்லை. கடை பூட்டிக் கிடக்கையில் ஷட்டருக்கு முன்னால் நின்றுதான் தேடுகிறார்கள். ஷட்டரிலேயே கண்ணுயரத்தில் எழுதினால் ஒன்றரை அங்குல எண் போதும். ஜிஎஸ்டி எண் வாசல் பெயர்ப்பலகையில் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதைத் தவிர்க்கச் சொல்லவில்லை. ஆனால் 15 இலக்கமும் வாசலில் நிற்கிற அதிகாரி படிப்பதற்குத்தான். கீழ் ஓரத்தில் 1 அங்குலம் கொடுத்தால் கடமை முடிந்தது.

சரக்குப் பட்டியல் மட்டும் எங்களால் ஏற்க முடியாத ஒன்று. ‘இங்கு அரிசி, பருப்பு, எண்ணெய், மளிகைச் சாமான்கள் அனைத்தும் மொத்தமாகவும் சில்லறையாகவும் கிடைக்கும்’ என்ற வரியை எழுதாமல் விட்டதால் மளிகைக் கடையைப் பாத்திரக் கடை என்று நினைத்துத் திரும்பிப் போனவர் யாருமில்லை.

மொழி விகிதம் பற்றியும் சுற்றறிக்கை வாய் திறக்கவில்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகள், 1948, பெயர்ப்பலகையில் தமிழ் முதன்மையாக இருக்கச் சொல்கிறது. தமிழ், ஆங்கிலம், பிற மொழி என்றால் 5:3:2. 3 அடி உயரப் போர்டில் மேலும் கீழும் மும்மூன்று அங்குலம் விட்டால் 30 அங்குலம். அதை 15, 9, 6 என்று பிரிக்கலாம். மூன்றாம் மொழி இல்லையென்றால் அந்த 6 அங்குலத்தைத் தயவுசெய்து எதையும் கொண்டு நிரப்பாதீர்கள். வரிக்கும் வரிக்கும் நடுவே இருக்கிற காலி இடம்தான் எழுத்தைத் தூக்கிக் காட்டுகிறது. ஆங்கிலத்தை அகலமாகப் போட்டு, ஓரத்தில் தமிழைப் பொடியாக வைக்கச் சொல்பவர்கள், தொழிலாளர் துறை நோட்டீஸ் வந்ததும் ‘போர்டுக்காரன் தப்பா எழுதிட்டான்’ என்கிறார்கள். அந்தப் பழியை ஏற்க இனி நாங்கள் தயாரில்லை.

குறைந்த சதுர அடி ரேட் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறோம். தொழில் ரகசியம் என்று எதுவுமில்லை.

‘3 எம்எம் ஏசிபி’ என்று கொட்டேஷனில் இருக்கும். தகட்டின் மொத்தக் கனம் அது. இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கிற அலுமினியத் தோல் 0.25 மி.மீ.யும் இருக்கலாம், 0.06 மி.மீ.யும் இருக்கலாம். இரண்டும் 3 எம்எம்தான். மெல்லிய தோல் மடிக்கும் இடத்திலேயே விரிசல் விடும், பின்பு பிளாஸ்டிக்கிலிருந்து உரிந்து உப்பும். எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) எழுத்தில் 304 என்ற உயர்ந்த கிரேடு என்று சொல்லி, மட்டமான 202 கிரேடு கொடுப்பது இன்னொன்று. காந்தம் ஒட்டவில்லை, அதனால் அசல் என்று நம்புகிறவர்கள் நிறைய. 202-லும் காந்தம் ஒட்டுவதில்லை. சோதனைத் திரவம் ஒரு சொட்டு விட்டால் தெரிந்துவிடும், அதைக் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு.

மின்சாரக் கணக்கு இன்னும் மோசம். 1.2 வாட் மாட்யூல் 120 என்றால் 144 வாட். 150 வாட் எஸ்எம்பிஎஸ் (வீட்டு மின்சாரத்தை 12 வோல்ட்டாக்கி மாட்யூலுக்குத் தரும் பெட்டி) போட்டால் கணக்குக்குச் சரியாகத்தான் தெரியும். ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸை அதன் திறனில் 80 சதவீதத்துக்கு மேல் இழுக்கக் கூடாது. 200 வாட் போட வேண்டும். சித்திரை, வைகாசி வெக்கையில் மூடிய பெட்டிக்குள் 150 வாட்காரன் வெந்து போவான். மாட்யூலை 20-க்கு மேல் ஒரே சரமாகக் கோத்தாலும் தப்பு. 12 வோல்ட் போகப் போக இறங்கி, கடைசி எழுத்து மங்கிவிடும். சரத்துக்குச் சரம் தனி வயர் கொடுக்க வேண்டும். எழுத்துப் பெட்டியின் அடியில் தண்ணீர் வடியத் துளை, இரும்பு ஃபிரேமுக்கு எர்த், போர்டுக்குத் தனி எம்சிபி (கோளாறு வந்தால் தானாக அணையும் சுவிட்ச்). இவை எதுவும் மாட்டிய அன்று கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாததில்தான் ரேட் குறைகிறது.

மாட்டுவது. மதுரைக்குக் கட்டுமானத் தரவிதி குறித்துள்ள அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 39 மீட்டர். அந்த வேகத்தில் சதுர மீட்டருக்குச் சுமார் 93 கிலோ தள்ளும். 20-க்கு 6 அடி மொட்டைமாடி போர்டு என்றால் ஒரு டன். அப்படிப்பட்ட காற்று தினம் வராது. ஆனால் மாட்டுகிறவர் அதை மனதில் வைத்துத்தான் மாட்ட வேண்டும். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்கிற ஊரில் மெல்லிய 18 கேஜ் பைப்பும் நாலு ஸ்குரூவும் எதற்குக் காணும்? கோயிலைச் சுற்றிய வீதிகளில் பல கட்டடங்கள் சுண்ணாம்புக் காரை போட்ட பழைய செங்கல் சுவர். சுவருக்குள் விரிந்து பிடிக்கும் சாதாரண ஆங்கர் ஃபாஸ்னரை அதில் முறுக்கினால் செங்கல் பிளந்துகொள்ளும், பிடிக்காது. சுவரைத் துளைத்து உள்பக்கம் பட்டைத் தகடு வைத்து நட்டு முறுக்க வேண்டும், அல்லது கான்கிரீட் பீமுக்கு எடை போகும்படி தொங்கவிட வேண்டும். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஓர் இளம்பெண் உயிர் போன பிறகும் சதுர அடி ரேட்டுக்குள் ஃபிட்டிங்கையும் அடக்கச் சொல்வது எப்படி என்று எங்களுக்குப் புரியவில்லை.

இப்போது ‘டிசைன் இலவசம், திருத்தம் எத்தனை முறையும்’. இலவச டிசைன் என்றால் ஏற்கெனவே கம்ப்யூட்டரில் கிடக்கிற பழைய போர்டில் உங்கள் பெயரை ஏற்றி, அது இடத்துக்குப் பொருந்தவில்லையென்றால் இழுத்தோ அமுக்கியோ அடைப்பதுதான். எழுத்தை அகலவாக்கில் அமுக்கினால் நிற்கிற கோடுகள் மெலிந்து, படுத்த கோடுகள் மட்டும் தடியாக நிற்கும். வாட்ஸ்ஆப்பில் அனுப்புகிற பெயர் டிசைன் செய்யும் பழைய கோரல்டிரா சாஃப்ட்வேரில் போய்க் கொம்பு இடம் மாறி விழுவதையும் யாரும் சரிபார்க்க நேரமிருக்காது. முறையாகச் செய்தால் இடத்தைப் போய் அளப்பது, எதிர் வெயில் பார்ப்பது, மரம், கம்பம், வயர் எங்கே மறைக்கிறது என்று குறிப்பது, பெயரின் ஒவ்வொரு எழுத்தையும் இடைவெளி பார்த்து நகர்த்துவது, இத்தனையும் வேலை. இதற்குக் கூலி இல்லை என்றால், இந்த வேலை நடக்காது.

திருத்தமும் ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும். கடைக்கு அப்பா ஒருவர், அண்ணன் தம்பி மூவர், மாப்பிள்ளை ஒருவர்; ஆளுக்கொரு ராத்திரி ஒரு மெசேஜ். ஏசிபி தகடு வெட்டும் மெஷினான ரூட்டரில் ஏறிய பிறகு ‘நம்பர் ஒண்ணு சேர்த்துக்கிருங்க’ என்றால் 8-க்கு 4 தகடு குப்பைக்குப் போகும். அந்தச் செலவு யார் தலையில்?

டிசைனைப் பார்க்கும் விதமும் மாற வேண்டும். செல்போனில் விரலால் பெரிதாக்கிப் பார்த்து ஒப்புதல் சொல்லாதீர்கள். 10 அடி போர்டு, படுக்கவைத்த போனின் திரையில் 6 அங்குல அகலத்துக்கு வந்தால், அது இருபதில் ஒரு பங்கு. ஆக, போனை மேசையில் நிறுத்திவிட்டு 2 அடி தள்ளி நின்றால் 40 அடியிலிருந்து பார்ப்பதற்குச் சமம். 4 அடி தள்ளி நின்றால் 80 அடி. அங்கிருந்து உங்கள் வீட்டுப் பெரியவரைப் படிக்கச் சொல்லுங்கள். திக்கினால் எதை எடுப்பது என்று பேசலாம். கூடவே, பெயரில் சிக்கலான ஒரே ஓர் எழுத்தை, ‘ண’வோ ‘ஸ்’ஸோ, முழு அளவில் தாளில் பிரிண்ட் போட்டுக் கடை முகப்பில் ஒட்டி, எதிர்ச் சாலையிலிருந்து பகலில் ஒரு தடவை, விளக்கு வைத்த பிறகு ஒரு தடவை பாருங்கள். இந்த இரண்டு சோதனைக்கும் ஆகிற செலவு டீச் செலவுக்கு மேல் வராது.

ஆகவே நாங்கள் கேட்பது இவை.

சுற்றறிக்கை அனுப்பிய சங்கம் அதிலுள்ள ‘டிசைன் இலவசம்’, ‘எத்தனை முறையும் திருத்தம்’ என்ற இரண்டு வரிகளை நீக்க வேண்டும். டிசைன் கூலி கொட்டேஷனில் தனி வரியாக வரட்டும். அதில் மூன்று திருத்தம் அடங்கும், நான்காவதிலிருந்து காசு. ஃபிட்டிங் கூலியும் தனி வரியாக, சுவரைப் பார்த்த பிறகு முடிவாகட்டும்.

ஒரே அளவு என்பதை விட்டுவிடுங்கள். வீதிக்கு ஓர் ஒழுங்கு வேண்டும் என்ற உங்கள் எண்ணம் சரிதான். அதற்குப் போர்டின் கீழ்விளிம்பு தரையிலிருந்து எல்லாக் கடைக்கும் ஒரே உயரத்தில் இருக்கட்டும், போர்டின் உயரம் ஒன்றாக இருக்கட்டும். அகலம் கடை முகப்பைப் பொறுத்தது.

தலைப் போர்டில் பெயர், தொழில், சட்டம் கேட்பது, இவற்றுக்கு மேல் ஒரே ஒரு சின்னம் என்று வரம்பு வையுங்கள். சங்கச் சின்னம் வேண்டுமானால் ஷட்டர் ஓரத்தில் எல்லாக் கடைக்கும் ஒரே மாதிரி 6 அங்குலத் தகடு வைக்கலாம். அதை அடக்க விலைக்கே செய்து தருகிறோம்.

ரேட்டை ஒப்பிடும்போது சதுர அடியை மட்டும் பார்க்காமல் ஏசிபி தோலின் கனம், எஸ்எஸ் கிரேடு, மாட்யூல் வாட் மற்றும் எண்ணிக்கை, எஸ்எம்பிஎஸ் வாட், பைப் கேஜ், ஃபாஸ்னர் எண்ணிக்கை இவை எழுத்தில் இருக்கிற கொட்டேஷன்களை மட்டுமே எடுத்துக்கொள்ளுங்கள். யார் குறைவாகச் சொன்னாலும் அப்போது எங்களுக்கு வருத்தமில்லை.

கடைக்கு ஒருவர் மட்டும் ஒப்புதல் கையெழுத்துப் போடட்டும். கையெழுத்துக்குப் பின் வருகிற மாற்றத்தின் தகட்டுச் செலவு கடையைச் சேரும்.

தீபாவளி ஆர்டர்கள் ஆவணியில் தொடங்கிவிடும். அதற்கு முன், ஆடி மாதத்துக்குள், ஒவ்வொரு சங்கமும் தன் நிர்வாகக் குழுக் கூட்டத்தில் எங்களில் இருவருக்கு அரை மணி நேரம் கொடுங்கள். தகட்டுத் துண்டு, மாட்யூல், 304-க்கும் 202-க்கும் சோதனைத் திரவம் எல்லாம் கொண்டு வருகிறோம், கையில் எடுத்துப் பார்த்தே முடிவு செய்யலாம். நாளையும் நேரத்தையும் எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
போர்டு வரைவோர், செய்வோர், மாட்டுவோர்
மதுரை